முன்வரிசை மெட்ராஸ்

எங்கள் வீட்டில் மெட்ராஸ் என் கணவருடைய சொத்து. வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. டிவியில் மெரினாவைக் காட்டினால் போதும், சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "இந்தா, இதுக்கு அந்தப் பக்கம்தான் லைட் ஹவுஸ்" என்பார். அங்கே மழை வெள்ளம் என்று செய்தி வந்தால், ஏதோ பக்கத்துத் தெருவில் தண்ணீர் ஏறியது மாதிரி உச்சுக் கொட்டுவார். கல்யாணமான முதல் வருஷம் ஒரே ஒரு தடவை போய் வந்தவர். அந்த ஒரு பயணத்தை வைத்துப் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

அவர் விசைப்படகு டிரைவர். விடியுமுன் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பினால், பிள்ளைகள் தூங்கப் போகிற நேரத்துக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்குக் கிடைப்பார். அதிலும் பாதி நாள் பூசைக்குப் போகும், மீதி நாள் தூக்கத்துக்குப் போகும். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். நாற்பது வாண்டுகளைப் பகலெல்லாம் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பொறுமை மிச்சம் இருக்காது. இதை நானே ஒத்துக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் பாதியில் தொடங்கி இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எங்கள் தெருவில் கல்யாணம், புது வீடு மந்திரிப்பு, வேளாங்கண்ணிப் பயணம் எல்லாமே அந்த இரண்டு மாதத்துக்குள்தான். ஆண்கள் பகலில் வீட்டில் இருப்பதைப் பார்த்து நாய்களே சந்தேகமாகக் குரைக்கும். இந்த வருஷத் தடைக்காலத்தில் மகள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். இரண்டும் மதுரையைத் தாண்டியதில்லை. சொன்னால் வெட்கக்கேடு, நானும் தாண்டியதில்லை.

"நான் காலேஜுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை, நாலு பேரும் சேந்து சென்னைக்குப் போணும்" என்று மகள் சொன்னாள். பிள்ளைகள் சென்னை என்பார்கள், அவருக்கு மெட்ராஸ். போகவும் வரவும் ராத்திரி ரயில், நடுவில் இரண்டு பகல். லாட்ஜில் ஒரு ராத்திரி. அவ்வளவுதான் திட்டம். டிக்கெட்டை மகளே போனில் எடுத்தாள். நால்வருக்கும் படுக்கை கிடைத்துவிட்டது.

"யாருகிட்டயும் வழி கேக்க வேண்டியதில்ல. அதான் நான் இருக்கேம்லா" என்றார் அவர். அன்றைக்கு அவர் நடையே மாறிவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் போய், "பிள்ளைகளுக்கு மெட்ராஸக் காட்டப் போறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த அண்ணாச்சி மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சைக்கு டைம் டேபிள் போட்ட அதே நோட்டு. மகனுக்கு மெட்ரோ ரயில், பெரிய மால், ஏரோப்ளேன் தலைக்கு மேலே தாழப் பறக்கிற ஏதாவது ஓர் இடம். மகளுக்கு எழும்பூர் மியூசியமும் எட்டு மாடி நூலகமும். எனக்குப் பெசன்ட் நகர் மாதா கோயில், அப்புறம் டி. நகர். டி. நகருக்குக் காரணம் உண்டு. அந்த முதல் வருஷம் அவர் மெட்ராஸிலிருந்து எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. டி. நகரில் எடுத்தது என்று அவர் சொன்னதை நான் தெருவுக்கே சொல்லியிருக்கிறேன். மகளின் ஞானஸ்நானத்துக்கு அதைத்தான் கட்டினேன். ஒவ்வொரு மாதா திருவிழாவுக்கும் அது பெட்டியிலிருந்து வெளியே வரும். அந்தக் கடைவாசலில் ஒருநாள் நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்துரலாம்" என்றார் அவர், பாயில் சாய்ந்துகொண்டு. கையை நீட்டி இடமிருந்து வலமாகக் காற்றில் ஒரு கோடு போட்டார். "முதல்ல சாந்தோம் கோயில், வெள்ளைக் கோபுரம். அதுக்கு அடுத்தாப்ல லைட் ஹவுஸ். அதுக்கு அடுத்தாப்ல செவப்புக் கட்டடம், உருண்டையா மண்டை வச்சது. அப்புறம் ஹார்பர் கிரேன். அதைத் தாண்டினா காசிமேடு, நம்ம மாதிரி மீன்பிடித் துறைமுகம். எல்லாம் பக்கம் பக்கம். ஒரே பார்வையில தெரியும்."

மகள் போனைத் தட்டினாள். "லைட் ஹவுஸ்ல இருந்து காசிமேட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல காட்டுதுப்பா."

"உன் போனு தப்பாக் காட்டும்" என்றார்.

"சரி, டி. நகர் எங்கப்பா வரும்?" என்று மகன் கேட்டான்.

"அது பின்னால."

"எதுக்குப் பின்னால?"

"எல்லாத்துக்கும் பின்னாலதாம்லே. போய்ப் பாத்தா தெரியப் போவுது."

நான் குசினியில் அடுப்பில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் 'பின்னால' எனக்கு எங்கோ உறுத்தியது. பதினெட்டு வருஷமாகக் கேட்கிற கதைதான். ஆனால் அன்றைக்குத்தான் கவனித்தேன். இந்த மனிதருடைய மெட்ராஸில் பஸ் இல்லை. டீக்கடை இல்லை. வழி கேட்டு ஏமாந்த கதை இல்லை, ஆட்டோக்காரனோடு சண்டை இல்லை. சண்டை போடாமல் ஓர் ஊரைச் சுற்றிவருகிற ஆளா இவர்? எல்லாக் கட்டடமும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒரே வரிசையில் நிற்கிறது. வரிசைக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது.

சில வருஷம் முன்பு ஒரு திருவிழா நாளில் எங்கள் தெருப் பெண்களையெல்லாம் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போனார்கள். கடலிலிருந்து நம் ஊரைப் பார்த்தது அன்றுதான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, துறைமுகத்துக் கிரேன், கோயில் கோபுரம், எல்லாம் தோளோடு தோள் உரசி ஒரே வரிசையில் நின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டி உதைத்துவிடலாம் போல இருந்தது. என் தெரு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், காணவே இல்லை. கடலிலிருந்து பார்த்தால் ஊருக்கு முன்வரிசை மட்டும்தான் உண்டு.

அட மாதாவே! கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, படகைக் கரையேற்றி வைத்திருந்த இடத்துக்குப் போனேன். தடைக்காலத்தில்தான் படகுக்கு வேலை பார்க்க முடியும். அவர் படகின் அடியில் குந்தி உட்கார்ந்து, ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும்" என்றேன்.

"என்ன ஏளா, பீடிகை பலமா இருக்கு?"

"மெட்ராஸ்ல நீங்க ஊருக்குள்ள நடந்தீங்களா, இல்லியா?"

சுரண்டிய இடத்தையே திரும்பச் சுரண்டினார். "நடக்காம? காசிமேட்டுல இறங்கித்தான படகுச் சாவியக் குடுத்தோம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வந்துட்டோம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். அப்போதைய முதலாளி ஒரு படகைக் காசிமேட்டு ஆளுக்கு விற்றிருந்தார். அதை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்க இவரும் நாலு பேரும் போனார்கள். வாங்கிய ஆள் ஏதோ சாவுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் வருகிற வரைக்கும் வெளியே கடலில் நங்கூரம் போட்டு இரண்டு நாள் நின்றார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளே கொண்டுபோய்ச் சாவியைக் கொடுத்ததும், தெற்கே திரும்புகிற மீன் லாரி ஒன்று தயாராக நின்றது. அதைத் தவறவிட்டால் வேறு வண்டி இல்லை என்றார்கள். பின்னால் ஏறி, தார்ப்பாயை இழுத்துவிட்டுப் படுத்தார்கள். கண் விழித்தபோது மெட்ராஸ் முடிந்து எத்தனையோ ஊர் தாண்டியிருந்தது.

"அப்ப என் சேலை?" என்றேன்.

அவர் தூக்குவாளியைத் திறந்து குழம்பை மோந்து பார்த்தார். "அது... வார வழியில."

"எந்த வழியில?"

"அருப்புக்கோட்டையில டீக்கு நிறுத்தினான். எதிர்த்தாப்ல ஒரு கடை இருந்துச்சு."

எனக்கு வந்ததே கோபம்! "அருப்புக்கோட்டையா? மெட்ராஸ் சேலை, மெட்ராஸ் சேலைன்னு பதினெட்டு வருஷமா தெருவெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சேனே! பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கிட்டகூட டி. நகர்னு சொன்னேனே! கூறுகெட்ட மனுஷா, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" அந்தப் பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் காது கேட்காதவர்கள் போல டப்பாவுக்குள் பிரஷை விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"சேலை நல்ல சேலைதான ஏளா? இன்னும் சாயம் போகலல்லா?" என்றார். அடிக்காமல் விட்டதே பெரிசு.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ வாசல்லயே நின்ன. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு. 'மெட்ராஸ்ல என்னெல்லாம் பாத்தீங்க'ன்னு கேட்ட. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல? தார்ப்பாயப் பாத்தேன்னா?"

அந்த வாசலும் எனக்கு ஞாபகம் இருந்தது, நான் கேட்டதும் ஞாபகம் இருந்தது.

"பிள்ளைககிட்ட மட்டும் சொல்லிராத" என்றார். "போனு, ஃபாரம், இங்கிலீஷு, ஒரு எழவும் எனக்குத் தெரியாதுன்னு அதுகளுக்குத் தெரியும். மெட்ராஸ் ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதுவும் போச்சுன்னா அப்புறம் நான் என்னத்த வச்சுக்கிட்டுப் பேச?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஒருநாள் மகன் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அவர் அரை மணி நேரமாகத் திணறிய காரியத்தை இரண்டு நொடியில் முடித்துத் திருப்பிக் கொடுத்தான். "அப்பாக்கு இதெல்லாம் வராதும்மா" என்று என்னிடம் சிரித்தான். அவரும் சிரித்தார். சிரித்த பிறகு தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பையன் மெட்ராஸ் கதை என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பான்.

சரி, சவத்த விடு என்று நானும் கூட்டுக் களவாணி ஆனேன். பிள்ளைகள் வெளியே போகிற நேரம் பார்த்து அவருக்கு மெட்ராஸ் பாடம் எடுத்தேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் தேவலாம். போனில் மேப்பைக் காட்டினால், "கடல் ஏன் இந்தப் பக்கம் கெடக்கு?" என்றார். மேப்பில் கடல் வலது கைப்பக்கம் இருக்கிறது. அவருக்கு அது முன்னால் வர வேண்டும். போனைத் திருப்பினார். அவர் திருப்பத் திருப்ப அதுவும் கூடவே திரும்பி நேராக நின்றுகொண்டது. கடைசியில் போனைப் பாயில் மல்லாக்க வைத்துவிட்டு, இவர் எழுந்து சுற்றிப்போய் வங்காள விரிகுடாப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு சட்டென்று பிடிபட்டது.

"ஓகோ! இங்கன கோயிலு, இங்கன லைட் ஹவுஸு. அப்ப இந்தக் கோடெல்லாம் என்னது?"

"அதெல்லாம் தெரு. முன்வரிசைக்குப் பின்னால இருக்கிற ஊரு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோவா?" என்று மட்டும் கேட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழும்பூர், சென்ட்ரல், டி. நகர் என்று எழுதி, கடற்பாதை குறிப்பது போல அம்புக்குறி போட்டார். அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்துவிட்டான். பாயின் அந்தக் கோடியில் அப்பா சம்மணம் போட்டிருப்பதையும், போன் அவருக்குக் குறுக்காகக் கிடப்பதையும் பார்த்து, "என்னப்பா?" என்றான். "ஒண்ணுமில்லலே, காத்து இங்கனதான் வருது" என்றார்.

இப்படியே சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டில் மகள் நோட்டை விரித்து முடிவான திட்டத்தை வாசித்தாள். இரண்டாம் நாளுக்கு மணி வாரியாக எழுதியிருந்தாள். முதல் நாள் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: அப்பா.

"முதல் நாள் முழுக்க அப்பா பொறுப்பு. எங்கயும் போனையே எடுக்க மாட்டோம். அப்பா எங்க கூட்டிட்டுப் போறாங்களோ அங்க போறோம்" என்றாள். அவள் அதை ஒரு பரிசு மாதிரிதான் சொன்னாள். மகாராணி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிராமல் சொன்னார்: "லாஞ்சி வேலை அப்படியே கெடக்கு. நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகு வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது எனக்குத் தெரியாதா? மானத்தைக் காப்பாற்ற மெட்ராஸையே விடத் துணிந்துவிட்டார் பாவி மனுஷன். நான் வாயைத் திறக்குமுன் மகன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அப்ப நானும் வரலை" என்றான்.

"ஏம்லே?" என்றார் அவர்.

"நீங்க காட்டுவீங்கன்னுதான நான் கெளம்பினேன். எங்க அப்பாக்கு மெட்ராஸ் ஃபுல்லா தெரியும், கைடே வேண்டாம்னு பசங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க இல்லாம அங்க என்ன இருக்கு?"

இதை அந்தப் பயல் சொல்லுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். இதில் நான் கை கொடுக்க முடியாது, அவரேதான் நீந்த வேண்டும்.

"மக்களே," என்றார், "நான் மெட்ராஸ் பாத்ததில்லை."

ஒன்றையும் விடாமல் சொன்னார். நங்கூரம், இரண்டு நாள், லாரி, தார்ப்பாய். அடுத்து அருப்புக்கோட்டை என்று வாயெடுத்தபோது நான் கரண்டியைத் தட்டில் 'ணங்'கென்று வைத்தேன். அவருக்குப் புரிந்தது, அதோடு நிறுத்திக்கொண்டார். சேலை என்னுடையது. அதைப் பற்றி யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறாம் கிளாஸ்ல 'என் தந்தை கண்ட சென்னை'ன்னு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேனேப்பா" என்றாள். மகன் கையைக் கழுவினான், செருப்பை மாட்டினான், வெளியே போய்விட்டான். அவர் காய்ந்த கையோடு தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, தலையில் குட்டவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். கழுவிக்கொண்டே அழுதேன்.

ஒரு மணி நேரம் கழித்து மகன் திரும்பி வந்தான். வந்த வேகத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு நாளும் பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"பின்ன? வேற என்ன வேலை?" என்றார் அவர், மெதுவாக.

"எறங்கணும்னு தோணலியா?"

"தோணாம? ரெண்டாவது நாள் நீந்தியே போயிருவோமான்னு இருந்துச்சுலே. ஆளுக நடக்கது எறும்பாத் தெரியும். நம்மள விட்டுட்டு ஒரு ஊரே நடந்துக்கிட்டு இருக்கு."

மகன் போனை நீட்டினான். "பீச்சுல உக்காந்து இவ்ளோ நேரம் தேடிப் பாத்தேன்ப்பா. எல்லாரும் கரையில நின்னு கடலத்தான் எடுத்திருக்காங்க. கடல்ல நின்னு ஊர எடுத்த ஒரு படம்கூட ஒழுங்கா இல்லை. நீங்க பாத்தத வரைஞ்சு காட்டுங்க."

"எனக்கு வரைய எங்கலே வரும்?"

"கோடு போடுங்க போதும்" என்று மகள் முதல் நாள் பக்கத்தையே திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வரைந்தார். சாந்தோம் கோபுரம், லைட் ஹவுஸ், மண்டைக் கட்டடம், கிரேன். எது எவ்வளவு உயரம், எது எதை மறைக்கும், வெயில் சாயும்போது எது முதலில் கறுக்கும், எல்லாம் சொன்னார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை நேற்றுப் பார்த்தது போலச் சொன்னார். பையன் மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டான், பழைய மாதிரியே. கடைசியில் மகள் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினாள்: 'முதல் இடம், லைட் ஹவுஸ் உச்சி. முன்பக்கம் அப்பா காட்டுவார். பின்பக்கம் நாம் நாலு பேரும் சேர்ந்து பார்ப்போம்.'

அப்படியே போனோம். எழும்பூரில் இறங்கியதும் வெளிவாசல் எது என்றே தெரியாமல் நாலு பேரும் பெட்டியோடு இரண்டு சுற்றுச் சுற்றினோம். அவர் ஆட்டோக்காரரோடு ஒரு சண்டை போட்டார். அவருடைய மெட்ராஸில் முதல் சண்டை அது. லாட்ஜில் குளித்துவிட்டு நான் மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி தலையைச் சீவினார்.

லைட் ஹவுஸ் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அவர் நேரே கடல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அங்கன. அந்தக் கப்பல் நிக்குதுல்லா, அதுக்குக் கொஞ்சம் இப்பால. அங்கனதான் நின்னோம்" என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குழந்தையின் அப்பா, "சார், அந்தக் கப்பல் ஏன் நகரவே இல்லை?" என்று கேட்க, இவர் நங்கூரம், நீரோட்டம், துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பது என்று விளக்கினார். என் பிள்ளைகள் இரண்டும் அவருக்கு இரண்டு பக்கமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. பிறகு மகன் அவர் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினான்.

வீடுகள், வீடுகள், வீடுகள். கண் போய் முட்டுகிற இடத்திலும் முடியாத ஊர். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "யப்பா... இவ்ளோ இருந்திருக்கா பின்னால" என்றார். எனக்கும் கால் கூசியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"அந்தத் திசையிலதான் டி. நகர்" என்று மகள் காட்டினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கேள்வி வருவதை நான் கண்டேன். "ஆமா, அப்பாதான் ஊருக்குள்ளயே போகலையே. அப்ப அம்மாவோட மெட்ராஸ் சேலை?"

மகனும் திரும்பினான். அவர் கை என் கைக்குள் ஈரமானது. பிள்ளைகள் முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்ட மனிதர். இன்னொரு தடவை சொல்லவும் தயாராகத் தொண்டையைச் செருமினார்.

நான் முந்திக்கொண்டேன். "லாரி கெளம்ப முன்னால உங்கப்பா ஒரே ஓட்டமா ஓடிப்போய் எடுத்துட்டு வந்தது. ஊரப் பாக்கல. எனக்குச் சேலை மட்டும் பாத்தாரு" என்றேன்.

பொய் சொன்னால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவள் நான். என் வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்த்த பார்வையில் அவர் இன்னொரு மாடி ஏறியிருந்தார்.

"ஆமா மக்களே, பெரிய கடை. மூணு மாடி" என்று அவர் ஆரம்பித்தார். நான் அவர் கையில் நறுக்கென்று கிள்ளினேன். கிள்ளினேனே தவிர, மறுக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஊருக்கு வெளியே நின்ற மனிதருக்கு, உள்ளே ஒரு கடையாவது இருந்துவிட்டுப் போகட்டும்.